மடத்துக்குள் ஆறு பேர்: நம் ஊர்ச் சிஸ்டர்மாரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோமா?

பாலையூற்றுப் பிள்ளை | பெப்ரவரி 3, இரவு 9.10

நேற்று பெப்ரவரி 2, துறவற வாழ்வினருக்கான உலக நாள். இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் 1997 இல் தொடங்கிவைத்தது. எங்கள் பங்குக் கோவிலிலும் பூசை முடிந்ததும் சிஸ்டர்மாரை முன்னுக்கு அழைத்து ஆளுக்கொரு ரோசாப்பூக் கொடுத்தார்கள். பேசியவர் அவர்களை "மண்ணில் நடமாடும் சம்மனசுகள்", அதாவது தேவதூதர்கள், என்றார். எல்லாரும் கைதட்டினோம். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த வயதான சிஸ்டர் என் கையைப் பிடித்து, "பிள்ளை, இன்னும் எவ்வளவு நேரம் கதைப்பினம்? கால் விறைச்சுப் போச்சு" என்றார்.

அந்தக் கால் எவ்வளவு நேரத்தில் விறைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்பவள். போன ஆவணியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிழமைக்கு ஐந்து நாள் என்று மூன்று மாதம் அந்த மடத்துக்குப் போய்வந்தேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "என்ர பேரையும் சபையையும் போடாதே, மிச்சத்தை எழுது" என்றார்.

அந்த வீட்டில் ஆறு பேர். மூத்தவருக்கு 81, இளையவருக்கு 29. ஒருவர் மன்னார், ஒருவர் மட்டக்களப்பு, ஒருவர் மலையகம், இருவர் யாழ்ப்பாணம், ஒருவர் மட்டும் திருமலை, அதாவது நம் திருகோணமலை. புட்டுக்கு மா வறுப்பதா அவிப்பதா என்பதிலேயே ஆறு பேருக்கும் மூன்று கருத்து இருந்தது. ஒரு பிரிட்ஜ். ஒரு ரீவி. சிற்றாலயத்தில் ஒரே ஒரு மின்விசிறி.

அந்த மின்விசிறியைப் பற்றித்தான் சொல்லவேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருமலை எப்படி வேகும் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு சிஸ்டருக்குப் பீனிசம், காற்று முகத்தில் பட்டால் நாள் முழுக்கத் தும்மல். இன்னொருவருக்கு ஐம்பது வயது, மாதவிடாய் நிற்கும் காலம், திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து ஊற்றும். ஒருவர் போட மற்றவர் நிறுத்த, ஒருநாள் இருவருக்கும் நன்றாகவே வாய்த்தர்க்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. ஆனால் மாலைச் செபத்தில் சங்கீதம் என்ற விவிலியப் பாடலை இரண்டு பக்கமாகப் பிரித்து ஒரு பக்கம் ஒரு வரி, மறுபக்கம் அடுத்த வரி என்றுதான் சொல்ல வேண்டும். இவர்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். கடவுளிடம் மாறி மாறிப் பதில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உப்பை எடுத்துத் தரும்படிகூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் பெரிய சிஸ்டருக்குக் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது, பீனிசக்கார சிஸ்டர் இஞ்சி போட்ட தேத்தண்ணி ஒன்றைக் கொண்டுவந்து மற்றவர் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் குடித்தார். அவ்வளவுதான். நம் வீடுகளில் யார் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிறோம்? இப்படித்தானே.

அந்த வீட்டைப் பார்த்த பிறகு எனக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் நாம் அவர்களை ஒன்றில் சம்மனசு என்கிறோம், இல்லாவிட்டால் பிரம்பு பிடித்த மதர் என்று பயப்படுகிறோம். களைத்துப்போக, கோபப்பட, "எனக்கு ஏலாது" என்று சொல்ல அவர்களுக்கு நாம் இடம் வைப்பதே இல்லை. உங்கள் அனுபவம் என்ன?

---

உப்புவெளி ராசன் | பெப்ரவரி 3, இரவு 10.02

நாங்கள் சைவம். ஆனால் முன்பு இருந்த வீடு ஒரு மடத்துக்கு அடுத்த வளவு. வேலியில் ஒரு ஓட்டை இருந்தது, அம்மாவும் ஒரு சிஸ்டரும் அதற்குள்ளால்தான் உலகத்தையே பரிமாறிக்கொண்டார்கள். பொங்கலுக்குப் புக்கை அந்தப் பக்கம் போகும், நத்தாருக்குக் கேக் இந்தப் பக்கம் வரும். அந்த சிஸ்டருக்குத் தோட்டம் என்றால் உயிர். நம்முடைய ஊரில் புள்ளிமான்கள் றோட்டில் திரிவது வெளியூர்க்காரருக்கு அதிசயம், கீரைப் பாத்தி வைத்திருப்பவருக்கு அது சோதனை. ஒரு இரவில் அவ்வளவு பசளிக்கீரையையும் மேய்ந்துவிட்டுப் போய்விட்டன. காலையில் சிஸ்டர் வெற்றுப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்று, "சனியன்கள்" என்று வாய்விட்டுத் திட்டினார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பதைக் கண்டதும் வெட்கப்பட்டார். அன்று பின்னேரமே பழைய வலை ஒன்று கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்த அன்று அந்த மடத்து வாசல்தான் எங்கள் பக்கத்தில் முதலில் திறந்தது. மண்டபம் முழுக்கச் சனம். சைவம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று யாரும் கேட்கவில்லை. சிஸ்டர்மார் நித்திரை இல்லாமல் ஓடித் திரிந்தார்கள். மூன்றாம் நாள் நான் தண்ணீர் அள்ளப் போனபோது, அந்தக் கீரைத்தோட்டத்துச் சிஸ்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து, முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாளியை அருகில் வைத்தேன். அவர் முகத்தைக் கழுவிவிட்டுக் குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கப் போனார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் அந்தத் தொட்டியடிதான் முதலில் வரும்.

---

மாதா பிள்ளை | பெப்ரவரி 4, காலை 6.25

எல்லாரும் நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் எனக்கு நெருடுகிறது. தங்களைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தவர்களின் வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்னச் சண்டையைப் பொதுவில் எழுதினால் இளம் பிள்ளைகள் எப்படித் துறவறத்துக்கு முன்வருவார்கள்? ஏற்கெனவே அழைத்தல் குறைந்துகொண்டு போகிறது. சில விடயங்களை மூடி வைப்பதும் மரியாதைதான்.

---

ஜன்னலோரக் கட்டில் | பெப்ரவரி 4, காலை 8.47

மூடி வைத்ததால்தான் நான் முப்பது வருடம் இதைச் சுமந்தேன், மாதா பிள்ளை. அதனால் சொல்கிறேன்.

நான் விடுதியில் படித்தவள். எந்த ஊர், எந்த மடம் என்று சொல்லவில்லை. ஒன்பது வயது. அம்மாவை விட்டு வந்த புதிது, இரவில் படுக்கையில் சிறுநீர் போய்விடும். பொறுப்பாயிருந்த சிஸ்டர் அந்த மெத்தையை என்னைக் கொண்டே தூக்கிவைத்து, எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது முற்றத்தைச் சுற்றி வரச் செய்தார். மூன்று தடவை. இன்றுவரை ஈர மெத்தை வாசம் வந்தால் என் வயிறு இறுகும்.

சிஸ்டர்மாரும் மனிதர்தான் என்பதை நான் மறுக்கவில்லை. அதே விடுதியில் சமையலறைச் சிஸ்டர் ஒருவர் எனக்கு இரவில் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்லித் தந்து, பத்து மணிக்கு ஒருதரம் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவரும் மனிதர்தான். ஆனால் "மனிதர்தானே" என்ற சொல்லை மன்னிப்புச் சீட்டாக்கிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். மனிதர் என்றால் பிழைக்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

---

பாலையூற்றுப் பிள்ளை | பெப்ரவரி 4, காலை 9.15

அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னது சரி. என் பதிவில் அந்தப் பக்கம் இல்லாமல் போய்விட்டது.

மாதா பிள்ளை, உங்களுக்கும் ஒன்று. பெரிய சிஸ்டர் எழுதச் சொன்னதற்குக் காரணம் கேட்டேன். "நான் இருபது வயதில் வந்தபோது உள்ளே எல்லாரும் புனிதர்கள் என்று நினைத்து வந்தேன். முதல் ஆறு மாதம் நான் மட்டும்தான் கெட்டவள் என்று நினைத்து அழுதேன். யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்" என்றார்.

---

பழைய ஏடு | பெப்ரவரி 4, பகல் 1.30

மூடிவைக்க வேண்டும் என்று புனிதர்களே நினைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் ஒரு கன்னியர் மடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, அவருடைய கடித வரிசையில் 211 ஆவது. ஏன் எழுதினார்? அந்த மடத்துக்கு முன்பு அவருடைய சொந்தச் சகோதரிதான் தலைவி. அவருக்குப் பின் வந்த தலைவியை மாற்றச் சொல்லிச் சிஸ்டர்மார் கலகம் செய்தார்கள். அந்தக் கடிதத்தில் செபத்தைப் பற்றி மட்டுமா இருக்கிறது? பொது அலமாரியில் இருந்து தனக்கு வந்த உடுப்பு முன்பு உடுத்ததைவிட மோசம் என்று முணுமுணுப்பதைப் பற்றி இருக்கிறது. வசதியான வீட்டில் வளர்ந்து வந்தவருக்கு உணவில் கொஞ்சம் சலுகை கொடுத்தால் மற்றவர் எரிச்சல்படக் கூடாது என்று இருக்கிறது. சண்டை வேண்டாம், வந்தால் சீக்கிரம் முடியுங்கள், கோபம் வெறுப்பாக வளர விடாதீர்கள் என்று இருக்கிறது. சண்டையே வராது என்று அவர் நினைத்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார்.

குழந்தை இயேசுவின் தெரேசாவை நாம் "சிறுமலர்" என்று மாலை போட்டு வைத்திருக்கிறோம். அவர் 1888 இல் 15 வயதில் பிரான்சின் லிசியே ஊர்க் கார்மேல் மடத்துக்குள் போனவர், 1897 இல் 24 வயதில் இறந்தவர். சொந்தச் சகோதரிகள் மூவரும் ஒரு மச்சாளும் அதே மடத்தில். அவர் தன்னைப் பற்றி எழுதிய குறிப்புகளில் வருவது என்ன தெரியுமா? தியான நேரத்தில் பின்னால் இருந்து ஒரு சகோதரி போடும் ஒரு விசித்திரமான சிறு சத்தம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். பார்க்காமல் இருக்க முயன்று வியர்த்துப் போகும் என்று எழுதுகிறார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நிற்பவர் அழுக்குத் தண்ணீரை இவர் முகத்தில் தெறிக்க வைத்தது, செபத்தில் தூங்கிப்போனது எல்லாம் எழுதுகிறார். பார்த்தாலே பிடிக்காத ஒரு சகோதரிக்கு ஒவ்வொரு நாளும் வலிந்து புன்னகை கொடுத்தார். இந்தப் பெண்ணைத்தான் திருச்சபை மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர், என்று அறிவித்தது.

ஜன்னலோரக் கட்டில் ஒரு சமையலறைச் சிஸ்டரைப் பற்றிச் சொன்னார். சமையலுக்கு ஒருவர், பொறுப்புக்கு ஒருவர் என்ற பிரிவுக்கும் வரலாறு உண்டு. பல சபைகளில் முன்பு சிஸ்டர்மாரே இரண்டு தரமாக இருந்தார்கள். படித்தவர்கள் செபத்துக்கும் கற்பித்தலுக்கும், படிக்காதவர்கள் சமையலுக்கும் துவைப்புக்கும். உடுப்பும் வேறு, அமரும் இடமும் வேறு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28 இல் வெளியிட்ட துறவறம் பற்றிய ஏடுதான் பெண் துறவிகளிடையே ஒரே தரம்தான் இருக்கவேண்டும் என்று சொன்னது. சீதனம்கூட இருந்தது. 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பைப் பாருங்கள்: வெளியே வராமல் உள்ளேயே வாழும் அடைபட்ட மடத்தில் சேரும் பெண் சீதனம் கொண்டுவர வேண்டும், அவர் உயிரோடு இருக்கும்வரை மடம் அந்த முதலைத் தொடக்கூடாது, அவர் வெளியேறினால் திருப்பிக் கொடுக்கவேண்டும். 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பகுதியே இல்லை. கடவுளிடம் போகும்போதும் நம் பெண்களைச் சீதனம் விடவில்லை என்று என் பெரியம்மா சொல்லுவார். அவர் போக ஆசைப்பட்டவர்.

---

தம்பி மூதூர் | பெப்ரவரி 4, மாலை 5.05

என் அக்கா சிஸ்டர். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது போனவர். அந்தக் காலத்தில் திருமலையில் இருந்து மூதூருக்கு லோஞ்சில்தான் வரவேண்டும். அக்காவுக்குக் கடல் ஒத்துவராது. வருடத்தில் ஒருதடவை லீவில் வருவார், இறங்குதுறையில் முகம் வெளிறி இறங்குவார். இறங்கிய உடனே ஊர்ச்சனம் கும்பிட வந்துவிடும், அவர் வாந்தியை அடக்கிக்கொண்டு சிரிப்பார்.

வீட்டில் நாங்கள் செய்ததுதான் இப்போது உறுத்துகிறது. அக்காவுக்கு வெள்ளை விரித்த கதிரை, தனிக் கோப்பை. எங்களோடு தரையில் இருத்த மாட்டோம். அம்மா சொந்த மகளை "நீங்க, வாங்க" என்றார். மூன்றாம் நாள் அக்கா கதிரையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அடுப்படியில் திருவலையில் ஏறி இருந்து தேங்காய் திருவத் தொடங்கினார். அம்மா பதறிப்போய்த் தடுத்தார். "அம்மா, என்னை ஒருக்கா 'அடி' எண்டு கூப்பிடுங்கோ. எட்டு வருசமா ஒருத்தரும் கூப்பிடயில்லை" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டார்.

அம்மா செத்தபோது அக்கா தூர இடத்தில் இருந்தார். வந்து சேரும்போது பெட்டி மூடும் நேரம். வந்தவர்கள் எல்லாரும் அக்காவிடம் போய், "சிஸ்டர், எங்களுக்காகச் செபியுங்கோ" என்றார்கள். அவர் நின்று செபித்தார். யாரும் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. நானும்தான்.

---

நடுவழி | பெப்ரவரி 4, இரவு 8.40

நான் போய்விட்டுத் திரும்பி வந்தவள். நவதுறவில், அதாவது வார்த்தைப்பாடு என்ற துறவற வாக்குக் கொடுப்பதற்கு முந்திய பயிற்சிக் காலத்தில், பதினான்கு மாதம் இருந்தேன். திருச்சபைச் சட்டப்படி நவதுறவு குறைந்தது 12 மாதம் இருக்கவேண்டும், விருப்பமில்லாவிட்டால் எப்போதும் போகலாம். சட்டத்தில் அது சுதந்திரம். ஊரில் அது வேறு. பஸ்ஸில் இருந்து இறங்கிய அன்றே "என்ன நடந்தது, துரத்திவிட்டார்களா" என்ற கேள்வி. ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஒருவரும் நம்பத் தயாரில்லை.

உண்மையில் நான் நல்ல சிரிப்பை அங்கேதான் சிரித்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொழுதுபோக்கு. கரம் விளையாடுவோம். எங்கள் நவதுறவுத் தலைவி பகலில் இறுக்கமான ஆள், கரம் பலகைக்கு முன்னால் வந்தால் சிவப்புக் காய்க்காகக் குழந்தை மாதிரிச் சண்டை பிடிப்பார். கஷ்டமும் இருந்தது. "தனி நட்பு வேண்டாம்" என்பது பழைய அறிவுரை, அதை இன்னும் கடுமையாகப் பிடிக்கும் மூத்தவர்கள் சிலர் இருந்தார்கள். எனக்கு ஒருத்தியோடு நன்றாக ஒத்துப்போகும். தோட்டத்தில் சேர்ந்து நின்றால் உடனே ஒருவருக்கு வேறு வேலை வந்துவிடும். நட்பே இல்லாமல் எப்படி அன்பைப் படிப்பது என்று எனக்கு விளங்கவே இல்லை. இப்போது அப்படி இல்லை என்று அவள் சொல்கிறாள். அவள் உள்ளே இருக்கிறாள், வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாடும் கொடுத்துவிட்டாள். நான் வெளியே. மாதத்தில் ஒருநாள் போனில் ஒரு மணி நேரம்.

நான் புறப்பட்ட காலை, அந்த இறுக்கமான தலைவி நாலரைக்கு எழும்பி எனக்குப் பயணத்துக்கு இடியப்பப் பார்சல் கட்டித் தந்தார். சம்பலைத் தனியாகச் சுற்றியிருந்தார், நனையக்கூடாதென்று.

---

வெள்ளைச்சேலை | பெப்ரவரி 5, இரவு 9.55

இரண்டு நாளாக வாசிக்கிறேன். நான் ஒரு சகோதரி. இந்த மாவட்டத்தில்தான் பணி. 43 வயது. எழுதலாமா என்று எங்கள் தலைவியிடம் கேட்டேன், பெயர் இல்லாமல் எழுது என்றார்.

ஜன்னலோரக் கட்டில், முதலில் உங்களுக்கு. நான் அந்தச் சிஸ்டர் இல்லை, அவருக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் விடுதிப் பொறுப்பில் நானும் இருந்தேன். அறுபது பிள்ளைகள், நான் ஒருத்தி, வயது 27, பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒருவரும் எனக்குப் படிப்பித்ததில்லை. ஒருநாள் பரீட்சை விடைத்தாளும் காய்ச்சலுமாக இருந்த இரவில், திரும்பத் திரும்பக் கதைத்த ஒரு பிள்ளையின் கன்னத்தில் அறைந்தேன். அந்தப் பிள்ளையின் பெயர், சட்டையின் நிறம் எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. களைப்பு அதற்குக் காரணம். நியாயம் இல்லை. பதினொரு வருடம் கழித்து அவளை ஒரு கல்யாண வீட்டில் கண்டபோது கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் அதை மறக்கவில்லை என்று நேராகவே சொன்னாள். அப்படிச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி சொன்னேன்.

இனி மற்றது. நாங்கள் கொடுப்பது ஏழ்மை, கீழ்ப்படிதல், கற்பு என்று மூன்று வார்த்தைப்பாடு. ஏழ்மை வார்த்தைப்பாடு என்றால் பட்டினி என்று நினைக்கிறார்கள். நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. 1960-61 இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகு எங்களில் பலர் அப்படித்தான். சம்பளம் வருகிறது, அது அப்படியே சபைக்குப் போகிறது. சட்டமும் அதுதான், துறவி உழைப்பது சபைக்கு. ஓய்வூதியமும் அப்படியே. சபை எனக்கு வேண்டியதைத் தரவேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கேட்கவேண்டும். மூக்குக்கண்ணாடி மாற்ற, செருப்பு அறுந்தால் புதிது வாங்க, தம்பியின் பிள்ளைக்கு ஒரு பரிசு வாங்க, என்னைவிட இளையவரான தலைவியிடம் போய் விளக்கம் சொல்லிக் கேட்கவேண்டும். பணம் இல்லாதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கேட்பது சில நாள் தொண்டையில் சிக்கும்.

கீழ்ப்படிதல் என்பது எங்களுக்கு மாற்றக் கடிதம். ஐந்தாறு வருடத்துக்கு ஒருதடவை வரும். இரண்டு பை, ஒரு பெட்டி. போன மடத்தில் ஒரு கறிவேப்பிலை வைத்து என் உயரத்துக்கு வளர்த்திருந்தேன். பஸ்ஸில் ஏறி அழுதது பிள்ளைகளை விட்டு வந்ததற்கா கறிவேப்பிலைக்கா என்று எனக்கே தெரியாது. கற்பைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: நாற்பதைத் தாண்டிய ஒரு வருடம் முழுக்க, யாருடைய கைக்குழந்தையைக் கண்டாலும் எனக்கு நெஞ்சு கனத்தது. அதைச் செபத்திலும் சொன்னேன், ஒரு மூத்த சகோதரியிடமும் சொன்னேன். அவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும் இருந்தது" என்றார்.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கடினம் நாங்கள் தெரிவு செய்யாத ஆட்களோடு சாகும்வரை ஒரு மேசையில் சாப்பிடுவது. கல்யாணம் கட்டுபவர் ஒருவரைப் பார்த்துக் கட்டுகிறார். எனக்கு யாரோடு இருப்பது என்று ஒரு கடிதம் சொல்கிறது. அந்த மின்விசிறிச் சண்டையை வாசித்தபோது சிரிப்பு வந்தது, எங்கள் வீட்டில் அது ரீவிச் சத்தம். செய்தி கேட்கும் மூத்த சிஸ்டருக்குக் காது மந்தம், திருத்த வேண்டிய கொப்பிகள் எனக்கு மலைபோல. ஒருநாள் கோபத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டேன். அதே சிஸ்டர்தான் எனக்கு டெங்கு வந்தபோது ஐந்து இரவு கதிரையில் இருந்து, மணிக்கொருதரம் உடம்புச் சூடு பார்த்தவர். இரண்டும் ஒரே ஆள். இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மாதா பிள்ளை, என்னுடைய அழைத்தல் இந்த ஐந்து இரவில் இருந்தது என்று இளம்பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கதவு சாத்தியதையும் சேர்த்தே சொல்வேன்.

தம்பி மூதூர், அக்கா இப்போது இருக்கிறாரா? இருந்தால் இன்றே போன் எடுங்கள். செபிக்கச் சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

---

பழைய ஏடு | பெப்ரவரி 5, இரவு 10.40

சகோதரி எழுதியதற்குப் பிறகு இது சின்ன விடயம், ஆனாலும் பொருந்தும். அமெரிக்காவில் 1986 இல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் நோத்ர டாம் பள்ளிச் சகோதரிகள் சபையில் முதுமையையும் மறதி நோயையும் பற்றி ஒரு ஆய்வு தொடங்கினார். 678 சிஸ்டர்மார், எல்லாரும் 75 வயதும் அதற்கு மேலும். இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்தவர்கள். ஏன் சிஸ்டர்மார் என்றால், ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, புகைபிடித்தல் இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. ஒப்பிடுவது சுலபம். இளவயதில் வார்த்தைப்பாட்டுக்கு முன் அவர்கள் கையால் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளில் 180 ஐ எடுத்துப் பார்த்தார்கள். மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை என்று அதிகம் எழுதியவர்கள் மற்றவர்களைவிடப் பல வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரே உடுப்பு, ஒரே மணிக்கு எழுந்தவர்கள். ஆனாலும் ஒருவர் எழுத்து மற்றவர் எழுத்து மாதிரி இல்லை. வெள்ளைச் சேலைகளை வரிசையில் பார்த்து "சிஸ்டர்மார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நமக்கு அது தெரியவேண்டும்.

---

ஜன்னலோரக் கட்டில் | பெப்ரவரி 6, காலை 7.12

வெள்ளைச்சேலை, வாசித்தேன். இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத முடிகிறது. அந்தப் பிள்ளையிடம் நீங்கள் போய்ச் சொன்னது நல்லது.

---

தம்பி மூதூர் | பெப்ரவரி 6, பகல் 12.20

எடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். முதலில் "ஆருக்கு என்ன நடந்தது" என்று பயந்துவிட்டார். பிறகு நாற்பது நிமிடம் கதைத்தோம். மூதூர்த் தயிர் சட்டியோடு வேண்டுமாம். அனுப்ப ஆள் பார்க்கிறேன்.

---

மாதா பிள்ளை | பெப்ரவரி 6, மாலை 4.48

நான் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் திருநாளுக்குத் திருநாள் மடத்துக்கு மெழுகுதிரியும் கேக்கும்தான் கொண்டுபோவோம். உண்மையில் என்ன தேவைப்படும்?

---

வெள்ளைச்சேலை | பெப்ரவரி 6, இரவு 9.20

கேட்டதால் சொல்கிறேன். எங்கள் மடத்தில் நாலு பேருக்குச் சீனி வருத்தம், கேக் எல்லாம் கடைசியில் விடுதிப் பிள்ளைகளுக்குத்தான் போகும். அதுவும் நல்லதுதான். நத்தார் முடிய வருகிற பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும். கிளினிக் நாட்களில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் கூட நிற்க யாராவது வந்தால் எங்களில் ஒருவருக்குப் பாடசாலை லீவு மிச்சம். அப்புறம், சும்மா வந்து இருந்து கதைத்தாலே போதும். உங்கள் பிள்ளையின் பரீட்சைக்குச் செபிக்கச் சொல்லித்தான் வரவேண்டும் என்றில்லை.

---

பாலையூற்றுப் பிள்ளை | பெப்ரவரி 7, மாலை 6.30

இன்று பெரிய சிஸ்டரைப் பார்க்கப் போனேன். இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். லோஞ்ச் வாந்தியும் 'அடி' என்று கூப்பிடச் சொன்னதும் வந்த இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு நடக்கும் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார், போன மாதம் நடைபாதை முடியும்வரைதான். வாசலில் நின்று, "கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு, போன வருசத்தில இருந்து நான் கடலைக் காணயில்லை" என்றார். டச்பே கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம் என்று தலைவியிடம் கேட்டேன், சரி என்றார். மடத்து வான் திருத்தக் கொடுத்திருக்கிறார்களாம். சாதாரண ஓட்டோவில் அவருக்கு ஏற முடியுமா என்பதுதான் யோசனை. இடது பக்கத்தால் ஏற்றினால் முடியும் என்று நினைக்கிறேன்.

---

உப்புவெளி ராசன் | பெப்ரவரி 7, மாலை 6.52

ஓட்டோ வேண்டாம், என்னிடம் வான் இருக்கிறது. ஏறும் படி உயரம், ஆனால் அம்மாவுக்காக மரப்படி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நாலரைக்கு வரட்டா? அம்மாவும் வருவாராம். சூடைமீன் பொரித்துக் கொண்டுவரவா என்று கேட்கிறார். இல்லை, அன்றைக்கு மச்சம் கூடாதா?

---

பாலையூற்றுப் பிள்ளை | பெப்ரவரி 7, மாலை 7.05

சனிக்கிழமை பிரச்சினை இல்லை அண்ணா. கேட்டேன், "சூடையா!" என்று இரண்டு தரம் கேட்டார். முள்ளு எடுத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், மேல்வரிசையில் பல் இல்லை. உப்புக் கொஞ்சம் குறைவாக.